சிவப்பு நூல் கட்டிய சீசா

பச்சைப் பிள்ளைகளின் காதைச் சோதிக்கப் புது மிஷின் வந்திருக்கிறது, வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று போன மாதம் என் பழைய டிபார்ட்மென்டில் இருந்து கூப்பிட்டார்கள். போனேன். தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் காதில் சின்னக் குமிழ் ஒன்றை வைத்தார்கள். மிஷின் உள்ளே ஒரு சத்தத்தை அனுப்புகிறது. உள்காது நன்றாக இருந்தால் அதுவும் பதிலுக்கு மிக மெல்லிய சத்தம் ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது. அதை மிஷின் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான் சோதனை. குழந்தை விழிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம், நம் மனசு நோகக் கூடாது என்பதற்காக "கேக்குதுங்கம்மா" என்று பொய் சொல்லவும் வேண்டாம். முப்பத்தோரு வருஷம் மனிதர்களைக் கெஞ்சிக் கூத்தாடிக் காது பார்த்த எனக்கு லேசாக வயிற்றெரிச்சல்தான்.

டீ குடிக்கிறபோது அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள், பழைய அனுபவம் ஒன்றை எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டார்கள். நான் சாமர்த்தியமாகக் கண்டுபிடித்த கேஸ்களை எல்லாம் ரிட்டயர்மென்ட் விழாவிலேயே மைக்கைப் பிடித்துச் சொல்லித் தீர்த்துவிட்டேன். மிச்சம் இருப்பது நான் சொதப்பிய ஒன்று. அதைத்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் ஒரு அரசு ஆஸ்பத்திரி, காது மூக்கு தொண்டைப் பிரிவு. நான் அங்கே ஆடியோமெட்ரீஷியன், அதாவது ஒருவருக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து சொல்கிறவள். ஜனங்கள் வாயில் அது நுழையாது. அவர்களுக்கு நான் 'காது மிஷின் அம்மா'. இதில் வருகிறவர்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சென்னையில் ஒரு வருஷம் படித்தேன். ஹாஸ்டல் சாம்பாரைத் தவிர அங்கே கற்றதில் பெரும்பாலானது மறந்துவிட்டது. வேலையைச் சொல்லித் தந்தது எங்கள் பெரிய டாக்டர்தான். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு இசைக்கவை இருக்கும். காது சோதிக்க அதைத் தட்டி அதிர வைக்க வேண்டும். மற்றவர்கள் மேசை விளிம்பில் தட்டுவார்கள், அவர் தன் முழங்கால் சில்லில்தான் தட்டுவார். மேசையில் தட்டினால் கவை கெட்டுப்போகும் என்பார். முழங்கால் கெட்டுப்போகாதா சார் என்று ஒருமுறை கேட்டேன். அது அரசாங்கச் சொத்து இல்லையேம்மா என்றார்.

அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பல தடவை நினைத்திருக்கிறேன். நாம் தப்பாக எழுதிய சீட்டை நம் கையிலேயே கொடுத்து, "கொஞ்சம் சத்தமாப் படிங்கம்மா" என்பார். நாம் படிக்க வேண்டும். படித்து முடித்ததும், "எத வச்சு எழுதுனீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி. அதற்குள் நமக்கு வியர்த்துவிடும்.

காது பார்க்கிற அறை ஒரு ஆள் உட்காரக்கூடிய மரப் பெட்டி. உள்ளே சுவரெல்லாம் பஞ்சுத் துணி. ஆளை உள்ளே உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பித்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்குங்கள், எவ்வளவு சின்னச் சத்தமானாலும் அமுக்குங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்துவேன். நல்ல காதில் இருந்து தொடங்க வேண்டும். கேட்டுவிட்டால் பத்து இறக்கு, கேட்காவிட்டால் ஐந்து ஏற்று. இப்படி ஏறி இறங்கி, ஒவ்வொரு சுருதிக்கும் அவர்களுக்குக் கேட்கிற கடைசிப் புள்ளியைப் பிடித்துத் தாளில் குறிக்க வேண்டும். முக்கியமாக, சத்தம் கொடுக்கிற இடைவெளி ஒரே மாதிரி இருக்கக் கூடாது. குடுமியான்மலைப் பக்கம் இருந்து வந்த ஒரு தவில்காரர் நான் சத்தமே கொடுக்காதபோதும் கச்சிதமாக அமுக்கிக்கொண்டிருந்தார். என் கை போன தாளத்தைப் பிடித்துக்கொண்டார் மனிதர். அவருடைய தாளை அப்படியே கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தேன்.

காது கேட்காதவர்களைவிடக் காது கேட்பதாகக் காட்டிக்கொள்கிறவர்கள்தான் எனக்கு அதிக வேலை வைத்தார்கள். கரோனாக் காலத்தில் எல்லோரும் மாஸ்க் போட ஆரம்பித்தபோது, திடீரென்று காது அடைத்துவிட்டது என்று கூட்டம் வந்தது. அதில் ஒருவர் ரேஷன் கடை ஊழியர். போன மாதம் வரை எறும்பு ஊர்ந்தாலும் கேட்டதாகச் சத்தியம் செய்தார். என் தாளோ பல வருஷத்துக் குறைவைக் காட்டியது. பெரிய டாக்டர் பேசாமல் எழுந்து கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, மாஸ்க்கை இறக்கி, குரலே இல்லாமல் வெறும் உதட்டை அசைத்தார். "ஆச்சு சார், ரெண்டு இட்லி" என்றார் ரேஷன் கடைக்காரர். சாப்பிட்டீர்களா என்று டாக்டர் கேட்டது அவருக்குக் கண்ணில் கேட்டிருக்கிறது. வருஷக் கணக்காக உதட்டைப் படித்துக்கொண்டு அதையே காது என்று நம்பியிருக்கிறார்.

மூளை கெட்டிக்காரி. ஒரு வாசல் அடைபட்டால் சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த வாசலைத் திறந்துகொள்ளும், வீட்டுக்காரருக்கே தெரியாது. இதை நான் கண்ணால் பார்த்தேன், சிரித்தேன், பத்துப் பேரிடம் சொன்னேன். ஆனாலும் கற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் விஷயம்.

தலைசுற்றலுக்கு வருகிறவர்களும் எங்களிடம்தான் வருவார்கள், உடம்பு நேராக நிற்பதற்கான மட்டப்பலகை காதுக்குள்தான் இருக்கிறது என்பதால். கொடும்பாளூரில் இருந்து ஒரு பெண் வந்தாள். வலப் பக்கம் புரண்டு படுத்தால் வீடே ராட்டினம் சுற்றுகிறதாம். பித்தம் என்று ஒரு கூடை எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்து வயிறும் கெட்டுப்போயிருந்தது. உள்காதில் பொடிப் பொடியாகச் சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. அவை இடம் தவறி வளையக் குழாய்க்குள் விழுந்துவிட்டால் இப்படித்தான் சுற்றும். டாக்டர் அவளை மல்லாத்திப் படுக்க வைத்து, தலையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, ஒரு பக்கம் திருப்பி, பிறகு மறுபக்கம் திருப்பி, முறத்தில் குருணையை ஓரம் சேர்ப்பதுபோல் துகளைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். அவள் புருஷன் கையை ஓங்கிக்கொண்டு வந்துவிட்டார், பெண்டாட்டி கழுத்தை முறிக்கிறார்கள் என்று. ஐந்து நிமிஷத்தில் அந்தப் பெண் எழுந்து நேராக நடந்து, "இங்கிட்டு என்ன சத்தம்?" என்று புருஷனையே அதட்டினாள்.

இனி மூக்குக் கதை. வாசனைச் சோதனைக்கென்று எங்கள் ஆஸ்பத்திரியில் தனி ஆள் கிடையாது, அந்த வேலையும் என் தலையில்தான். டாக்டரே சொந்தமாகச் செய்த மரச் சட்டத்தில் ஆறு சீசாக்கள் இருக்கும். காப்பித்தூள், பெருங்காயம், கிராம்பு, பன்னீர், சோப்புத் துருவல். ஆறாவது சீசாவின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். அதில் அம்மோனியாத் தண்ணீர். ஆளைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு துவாரத்தைப் பொத்தச் சொல்லி, ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். சிவப்பு நூல் சீசாவை எல்லோருக்கும் எடுக்கக் கூடாது, யாராவது பொய் சொல்கிறார் என்று சந்தேகம் வந்தால் மட்டும் எடுக்க வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. ஏன் என்று அவர் எனக்கு முதல் வருஷமே சொல்லியிருந்தார். நான் தலையை ஆட்டியிருந்தேன்.

கரோனாவின் இரண்டாவது அலை அடங்கி ஆறேழு மாதம் இருக்கும். ஜெகதாப்பட்டினத்தில் இருந்து அப்துல்லா என்பவர் தன் அம்மாவோடு வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும், அங்கே ஒரு ஐஸ் பிளான்டில் ஆப்பரேட்டர். விசைப்படகுகளுக்குப் போகிற ஐஸ் கட்டிகளை அம்மோனியாவால் உறைய வைக்கிற கம்ப்ரசரை ஓட்டுகிறவர். காதுக்குள் வண்டு இரைகிறது என்று வந்தார். அந்த மிஷின் பக்கத்திலேயே நின்றால் இரையாமல் என்ன செய்யும். காதைப் பார்த்து முடித்தபோது, அவர் அம்மா, அதாவது ஆயிஷா அம்மாள், என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசினார். மகனுக்கு இரண்டு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை. எதை வைத்தாலும் மண்ணு மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளுகிறான். மருமகளோ, சமையலில் ஒன்றும் இல்லை, மச்சானுக்கு மூக்குதான் செத்துப்போச்சு, ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்கிறாள். அதையும் பார்த்துச் சொல்லிவிடுங்கள் என்றார்.

அப்துல்லாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் மூக்கா செத்துப்போச்சு? எங்க பிளான்ட்ல அம்மோனியா லேசாக் கசிஞ்சாலும் மொத ஆளா நாந்தாங்க கண்டுபுடிப்பேன். போன வாரங்கூட நாந்தான் வால்வ அடைச்சேன்" என்றார்.

அன்றைக்குப் பெரிய டாக்டர் ஒரு முகாமுக்குப் போயிருந்தார். வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள். நான் மரச் சட்டத்தை எடுத்தேன். கண்ணை மூடச் சொல்லவில்லை. காப்பித்தூளைக் காட்டினேன். காப்பித்தூள் என்றார். கண்ணுக்குத் தெரிகிறதே, சொல்லாமல் என்ன செய்வார். கிராம்பைக் காட்டினேன், ஏதோ பல்வலி மருந்து மாதிரி குளுகுளு என்று இருக்கிறது என்றார். சரி, ஆள் அம்மோனியாவைச் சொன்னாரே, அதையே காட்டி முடித்துவிடுவோம் என்று சிவப்பு நூல் சீசாவைத் திறந்து நீட்டினேன். முகம் சுளித்துத் தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்தார். கண்ணில் தண்ணீர். "பாத்தீங்களா" என்று தன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே சீட்டில் எழுதினேன், 'வாசனை: நார்மல்'. டூட்டி டாக்டர் என் எழுத்தை நம்பி, நாக்கைப் பார்த்து, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு என் அறை வாசலில் நின்றாள். வரிசையில் நிற்கவில்லை. சுவரோரமாகவே நின்று, கூட்டம் கரைகிற வரைக்கும் காத்திருந்து, கடைசியில் உள்ளே வந்து மேசைமேல் ஒரு சீட்டை வைத்தாள். நான்காக மடித்து மடித்து நைந்துபோன சீட்டு. "இத எழுதுனது யாருங்க?" என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

அவள் மும்தாஜ், அப்துல்லாவின் மனைவி. கத்திவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாகச் சொன்னாள். அந்தச் சீட்டு வீட்டுக்குப் போனதும் இவள் பேச்சு எடுபடாமல் போய்விட்டதாம். டாக்டரே மூக்கு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார், அப்படியானால் கோளாறு கையில்தானே என்று நாத்தனார்கள் முன்னால் மாமியார் சொல்லிவிட்டார். பிள்ளை பெற்ற பிறகு இவளுக்குச் சமையலில் புத்தி இல்லை என்று ஒருத்தி சொன்னாள், வேண்டுமென்றே செய்கிறாள் என்று இன்னொருத்தி. ஒருநாள் அப்துல்லா தட்டை முற்றத்தில் எறிந்தார். மறுநாள் இவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறந்தாங்கியில் இருக்கிற அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. கூட்டிப்போகவும் வரவில்லை. ஊரில் நாலு வீட்டு விசேஷத்துக்கு இவளைத்தான் ஆணம் காய்ச்சக் கூப்பிடுவார்களாம், அவர்கள் பக்கம் குழம்பை அப்படித்தான் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் பிள்ளையின் சட்டையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள்.

"நான் படிச்சவ இல்லீங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன். நல்லாக் காச்சுன மீன் ஆணத்தக் குப்பைங்கிறாக. ஒருநா பிரிட்ஜுல வைக்க மறந்து ஊசிப்போனத நான் கொட்ட எடுத்து வச்சிருந்தேன், அதத் தெரியாம எடுத்துப் போட்டு ஒரு வார்த்த சொல்லாமத் தின்னுட்டுப் போயிட்டாக. மூக்கு நல்லாருக்கவுக செய்யிற வேலையாங்க இது?"

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. முதல் வருஷம் நான் தலையை ஆட்டியதும் ஞாபகம் வந்தது. இவள் வீட்டைவிட்டு வந்தது நான் எழுதிய ஒரு வார்த்தையால். சீட்டை வாங்கிக்கொண்டு நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போனேன்.

நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சீட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கொஞ்சம் சத்தமாப் படிங்கம்மா."

"வாசனை, நார்மல்" என்று படித்தேன்.

"எத வச்சு எழுதுனீங்க?"

"சிவப்பு நூல வச்சு, சார்."

டாக்டர் சீட்டை வாங்கி மேசைமேல் விரித்து வைத்தார். பிறகு, "கலாம்மா, மொளகா ருசியா, எரிச்சலா?" என்று கேட்டார். எரிச்சல் சார் என்றேன். "அம்மோனியா மூக்குக்கு மொளகா. அதுக்கு வாசன நரம்பு வேண்டாம், எரிச்சல் நரம்பு போதும். மூக்கு மொத்தமா அவிஞ்சுபோனவனும் அதுக்குத் தலையத் திருப்புவான். திருப்பலைன்னாத்தான் அவன் நடிக்கிறான்" என்றார். கிராம்பின் குளுகுளுப்பும் அந்த எரிச்சல் நரம்பு வேலைதான். பொய்யைப் பிடிக்க வைத்திருந்த சீசாவை வைத்து, நான் ஒரு உண்மையைப் பொய்யாக்கி இருந்தேன். அப்துல்லாவும் பொய் சொல்லவில்லை. பிளான்டில் இருபது வருஷமாக அம்மோனியாதான் அவருக்கு மூக்கு வேலை செய்வதற்கு அத்தாட்சி. அது ஒன்று இருக்கிறவரை மற்றதெல்லாம் போனது அவருக்குத் தெரியவே இல்லை.

சீட்டைக் கிழிக்கக் கூடாது, தப்பை ஒரே கோட்டால் அடித்து, அடித்தது படிக்கத் தெரிகிற மாதிரி வைத்து, கீழே சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், ஆனால் மறுபடி சோதிக்காமல் அதையும் எழுதக் கூடாது என்றார் டாக்டர். நான் போன் போட்டேன். அப்துல்லா சண்டைக்கு வந்தார். நார்மல் என்று எழுதியதே நீங்கள்தானே, இப்போது அவள் வந்து அழுதாளாக்கும் என்றார். அவள் அழவில்லை என்று சொல்ல நினைத்து, அதை விட்டுவிட்டு, "நான் தப்பா எழுதிட்டேங்க. அவசரத்துல செஞ்ச தப்பு. என் தப்புக்கு ஒங்க வீட்டுல யாரும் கஷ்டப்பட வேண்டாம், ஒரு தடவ வந்துட்டுப் போங்க" என்றேன். பெரிய டாக்டர் என்றைக்கு இருப்பார் என்று கேட்டார். பிறகு வியாழக்கிழமை வருகிறேன் என்றார். ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர் தப்பு என்று ஒத்துக்கொண்டதை அவர் அதற்கு முன்னால் கேட்டிருக்க மாட்டார்.

வியாழக்கிழமை அவரும் அம்மாவும் வந்தார்கள். நான் சொல்லியிருந்தபடி மும்தாஜும் பிள்ளையோடு வந்து கதவோரம் நின்றாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. டாக்டர் முதலில் குழாயும் விளக்கும் வைத்து மூக்கின் உள்ளே பார்த்தார், அடைப்பு ஒன்றும் இல்லை. எப்போதாவது காய்ச்சல் வந்ததா என்று விசாரித்ததில், மூன்று மாதத்துக்கு முன்னால் இரண்டு நாள் உடம்பு காய்ந்ததாகவும், டெஸ்ட் எடுத்தால் பிளான்டில் வேலைக்கு விட மாட்டார்கள் என்று சொல்லாமல் இருந்துவிட்டதாகவும் தெரிந்தது. அதன் பிறகு சோதனையை என்னையே செய்யச் சொன்னார்.

இந்தத் தடவை கண்ணைக் காயத்துக்குச் சுற்றுகிற காஸ் துணியால் கட்டினேன். ஒரு துவாரம், பிறகு மறு துவாரம். காப்பித்தூள்: ஒன்றுமில்லை. பன்னீர்: ஒன்றுமில்லை. சோப்பு: ஒன்றுமில்லை. கிராம்பு: குளுகுளு, அவ்வளவுதான். பெருங்காயச் சீசாவைத் திறந்ததும் கதவோரம் இருந்த பிள்ளை தும்மியது. "தொறந்துட்டீங்களா?" என்று கேட்டார் அப்துல்லா. நாக்கில் சொட்டு சொட்டாக விட்டுப் பார்த்தேன். சர்க்கரைத் தண்ணீர், உப்பு, புளிப்பு, கசப்பு நாலும் உடனே சொன்னார். நாக்கில் ஒரு குறையும் இல்லை. கட்டை அவிழ்த்தபோது நாக்கில் விட்ட எல்லாவற்றையும் சரியாகச் சொன்ன சந்தோஷத்தில் இருந்தார். மேசையில் திறந்து கிடந்த ஐந்து சீசாக்களையும் பார்த்த பிறகுதான் அவர் முகம் மாறியது.

ஆயிஷா அம்மாளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. நாக்கு நன்றாக இருக்கிறது என்கிறீர்கள், அப்புறம் ருசி எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். டாக்டர் விளக்கம் சொல்லவில்லை. பையில் இருந்து ஒரு ஆரஞ்சு மிட்டாயைக் காட்டாமல் எடுத்துப் பிரித்து, அந்த அம்மாளைக் கண்ணை மூடி, மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயில் போடச் சொன்னார். என்ன மிட்டாய் என்று கேட்டார்.

"இனிக்கிது. லேசாப் புளிக்கிது. என்ன முட்டாயின்னு தெரியலையே" என்றார் அந்த அம்மாள், மூக்கடைத்த குரலில்.

"இப்பக் கைய எடுங்க."

கையை எடுத்தார். "அட, ஆரஞ்சு" என்றார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது. மறுபடியும் மூக்கைப் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் விட்டார். சின்னப் பிள்ளை மாதிரி மூன்று நான்கு தடவை. பிறகு மகனைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"எப்பவுமே இப்பிடிப் பொத்திக்கிட்டாடா திங்கிற?"

அப்துல்லா தலை குனிந்திருந்தார். ஆயிஷா அம்மாள் எழுந்து கதவோரம் போய், மருமகளின் முந்தானையை எடுத்து அவள் தோளில் சரியாகப் போட்டுவிட்டார். நான் சீசாக்களை மூடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

காய்ச்சலில் நரம்பு நுனி கருகியிருக்கிறது, உடம்பில் சில நரம்புகள் மறுபடி முளைக்கும், இது அந்த ஜாதி என்றார் டாக்டர். எலுமிச்சம்பழத் தோல், கிராம்பு, காப்பித்தூள், ரோஜா என்று நாலு வாசனைகளைக் காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் இன்னதென்று மனசில் நினைத்துக்கொண்டு முகர வேண்டும், மாசக் கணக்கில் செய்ய வேண்டும், திரும்பி வரும் என்று சத்தியம் பண்ண முடியாது என்றார். அதுவரை பழையதைச் சாப்பிட வேண்டாம், வீட்டில் கேஸ் கசிந்தாலும் தெரியாது, அதனால் பக்கத்தில் வேறு மூக்கு இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்றும் கண்டித்துச் சொன்னார். அம்மோனியா கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், அது தெரியும். கேஸில் எரிச்சல் இல்லை, வெறும் நாற்றம்தான்.

வாசனை திரும்பியதா என்று கேட்பீர்கள். பாதி திரும்பியது. எட்டாவது மாதம், காப்பி டயர் எரிகிற மாதிரி நாறுகிறது என்று பதறிப்போய் வந்தார். டாக்டர் அவருக்குக் கை கொடுத்தார், நரம்பு முளைத்துவிட்டது, வயரைத்தான் இடம் மாற்றி மாட்டிவிட்டது, போகப் போகச் சரியாகும் என்று. ரோஜா கடைசிவரை தெரியவில்லை. மும்தாஜ் அதற்குள் நாக்குக்கும் பல்லுக்கும் சமைக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் புளி கூட, கொஞ்சம் மிளகு கூட, ஓரத்தில் மொறுமொறுவென்று பொரித்த நெத்திலி. ஒரு தடவை எனக்கும் ஒரு டப்பா வந்தது. அதைச் சாப்பிட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் என் சமையலைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆனால் அந்த வியாழக்கிழமை இவை ஒன்றும் யாருக்கும் தெரியாது. சோதனை முடிந்து எல்லோரும் வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். மும்தாஜ் அறந்தாங்கி பஸ்ஸுக்குப் போகிறவள்போல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். தப்பை அடித்துத் திருத்திய சீட்டில் ஈரம் காயாமல் இருந்ததால் ஊதிக்கொண்டே நானும் பின்னால் போனேன். அப்துல்லா தூணைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நேத்து சிலிண்டர் மாத்துனேன்."

அவள் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"கசியுதா என்னன்னு எனக்குத் தெரியாதுல்ல. வீட்டுக்கு வந்து ஒரு தடவ மோந்து பாரு."

மும்தாஜ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். வீட்டைவிட்டு வந்த பிறகு அன்றுதான் பார்த்திருப்பாள்.

"பாத்துட்டுப் போகணுமா?"

அவர் தூணைவிட்டு அவளைப் பார்த்தார்.

"இரு" என்றார்.

அதற்குள் ஆயிஷா அம்மாள் பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, ஜெகதாப்பட்டினம் பஸ் நிற்கிற பக்கமாக நடக்க ஆரம்பித்திருந்தார்.